வாய்க்கரிசி

போன ஆடியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். மயானத்தில் கையில் அரிசியைக் கொடுத்து, "மூணு தடவை போடுப்பா" என்றார்கள். போட்டேன். அழுகை வரவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் பட்டினத்தார் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்.

"அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு."

அந்த ஓகாரம் கேள்வியா, ஓலமா? இரண்டும்தான். அரிசி எந்த வாய்க்கு? "தேனே அமிர்தமே செல்வத் திரவியப்பூ மானே" என்று கூப்பிட்ட வாய்க்கு. (எங்கள் அம்மா ஒருநாளும் தேனே என்றதில்லை. "ஏ எருமை, சாப்டியா?" அவ்வளவுதான். அந்த வாய்க்குத்தான் நானும் போட்டேன்.)

காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்று எல்லாவற்றையும் உதறிய துறவி அவர். அவரே தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது உடைந்து போகிறார். "முன்னை இட்ட தீ முப்புறத்திலே" பாட்டைத்தான் எல்லோரும் மேடையில் முழங்குகிறார்கள். எனக்கென்னவோ அதில் முப்புரமும் இலங்கையும் பெரிதாக எரிகின்றன, அம்மா சின்னதாகிவிடுகிறாள். அரிசிப் பாட்டில் அப்படியில்லை. கையில் இருப்பது ஒரு பிடி அரிசி, எதிரே ஒரு வாய். துக்கம் என்ற சொல்லே அங்கே தேவைப்படவில்லை.

அப்பாவை இழந்தவர்களுக்குப் புறநானூற்றின் 112ஆம் பாட்டு இருக்கிறது. மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்புமலையின் பாரி இறந்தபின் அவன் மகள்கள் பாடியது. மொத்தமே ஐந்து வரி. அன்றைய நிலவில் "எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்." இன்றைய நிலவில் குன்றையும் கொண்டார்கள், "யாம் எந்தையும் இலமே."

வரிசையைக் கவனியுங்கள். முதலில் அப்பா, பிறகு மலை. இழப்பைச் சொல்லும்போது மலை முன்னால் வந்துவிடுகிறது. அப்பா இல்லை என்பதைக் கடைசிச் சொல் வரைக்கும் தள்ளிப்போடுகிறார்கள் அந்தப் பெண்கள். துக்க வீட்டுக்குப் போனால் இதைப் பார்க்கலாம். நிலத்தைப் பற்றி, கடனைப் பற்றி, ஆஸ்பத்திரி பில்லைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, கடைசியில்தான் "அப்பா இல்லையே" என்று வரும். வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு யாரோ எழுதிக் கொடுத்த நாலு வரியைத் தம்பி காட்டினான். இமயம், ஆலமரம், அணையா விளக்கு எல்லாம் இருந்தது. அம்மா இல்லை. குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் யாருக்கு என்ன வரும்!

மறுநாள் காலை பால் தெளிப்பு. வாசலில் நின்று சித்தப்பா எல்லோரையும் கூப்பிட்டார்: "பால் தெளிக்க எல்லாரும் வாங்கப்பா, நேரமாச்சு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தப்பா பட்டினத்தாரைப் படித்தவர் இல்லை.

"நேற்றிருந்தாள் இன்றுவெந்து நீறானாள் பால்தெளிக்க எல்லாரும் வாருங்கள்..."

அந்தப் பாட்டு "எல்லாம் சிவமயமே" என்று முடியும். நான் இன்னும் "எல்லாரும் வாருங்கள்" வரைக்கும்தான் வந்திருக்கிறேன்.