"நீ யார்" என்று அந்தப் பையனைக் கேட்டவருக்கும், கேட்டது சரி என்றவர்களுக்கும்

போன வியாழக்கிழமை, 2025 ஜூலை 24ஆம் திகதி, ஆடி அமாவாசை அன்று, கொழும்பு முகத்துவாரம் கடற்கரையில் நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதில் நான் தெரியமாட்டேன். கமெராவுக்கு இடது பக்கம், ஈர வேட்டியோடு, விரலில் தர்ப்பையோடு நின்றேன். நான்கு நாளாக எதுவும் எழுத மனம் வரவில்லை. இன்று காலை, நான் மதிக்கிற ஒருவர், "கிரியை நடக்கிற இடத்தில் வேற்றுச் சமயத்துப் பையனுக்கு என்ன வேலை? ஐயா கேட்டது நியாயம்தானே" என்று எழுதியிருந்தார். அதன் கீழே நியாயம், நியாயம் என்று வரிசையாக ஆட்கள். அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க முடியவில்லை.

தகப்பனுக்குக் கிரியை செய்ய வந்த ஒரு ஐயா, குப்பை சேர்க்க நின்ற ஒரு முஸ்லிம் பையனைப் பார்த்துக் கத்துவதில் வீடியோ தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். விடிய ஐந்தரையிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் உரச்சாக்கோடு கரையில் நின்றார்கள். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், இரண்டு சிங்களப் பிள்ளைகள். யாரையும் மறிக்கவில்லை. யாருடைய பிண்டத்தையும் தொடவில்லை. அந்தப் பையன் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, பூவ, எள்ள எல்லாம் நீங்க தண்ணியில விடுங்க. சொப்பிங் பேக்க மட்டும் இந்தச் சாக்குல போடுங்க." பதினாறு வயது இருக்கும். அதற்கு ஐயா சொன்னது உங்களுக்குத் தெரியும். "நீ யாரடா எங்கட கிரியைக்குள்ள வந்து கதைக்க? போய் உங்கட பள்ளிவாசலக் கூட்டு." சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பையைக் கடலில் எறிந்தார்.

வீடியோ அதோடு முடிகிறது. பிறகு நடந்ததையும் சொல்கிறேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அந்தப் பையை எடுத்துக்கொண்டு வந்து சாக்கில் போட்டான். அன்றைக்கு அந்தக் கரையில் நடந்தவற்றில் பக்தியோடு நடந்தது எது என்று என்னைக் கேட்டால், அதைத்தான் சொல்வேன். ஐயரிடம் தட்சணை கொடுத்துச் செய்த எங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

நானும் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன், சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். நான்கு நாளாக உறுத்துவது அதுதான்.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே சொல்லிப் பழகிய சனம் நாங்கள். மூர்த்தியில் தூசு படிந்தால் பதறுகிறோம். தலத்துக்குள் யாராவது செருப்போடு வந்தால் அடிக்கப் போகிறோம். தீர்த்தத்துக்குள் மட்டும் என்ன எறிந்தாலும் கேட்கக் கூடாதா? கடலை தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொள்கிறோம். அடுத்த நிமிடம் அதே கடலில் கற்பூரப் பெட்டியின் பொலித்தீன், தண்ணீர்ப் போத்தல், பிளாஸ்டிக் மாலை. பிளாஸ்டிக் மாலை விற்பதே 2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து தடை. அன்று கரையில் நானே மூன்று பொறுக்கினேன். தண்ணீரைக் கும்பிடுகிறவனுக்குத் தண்ணீரைக் காப்பதும் கிரியை. கிரியையில் ஒரு பகுதி. எள்ளும் தர்ப்பையும் போல.

முகத்துவாரம் என்றால் என்ன என்று ஒருதரம் யோசியுங்கள். களனி ஆற்றின் முகம் அது. 145 கிலோமீற்றர் ஓடி வந்து அங்கேதான் கடலில் விழுகிறது. புறப்படும் இடம் சிவனொளிபாதமலைப் பக்கம். அந்த மலையில் இருக்கும் பாதத்தை நாங்கள் சிவனுடையது என்கிறோம், பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்கிறார்கள், கிறிஸ்தவர்களிலும் தங்களுக்கென்று ஒரு கதை வைத்திருப்பவர்கள் உண்டு. அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் இறங்கி, எங்கள் மலையகச் சனங்களின் லயன் வீடுகளைத் தாண்டி, அம்பத்தலையில் எங்கள் வீட்டுக் குழாய்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, களனி விகாரையின் பக்கமாக வந்துதான் மீதி கடலுக்குப் போகிறது. அன்று காலை ஐயா குளித்துவிட்டு வந்த தண்ணீரும் அதுவாகத்தான் இருக்கும். இந்த ஆற்றின் வாயில் நின்றுகொண்டு இது "எங்கட" இடம், நீ யார் என்று யார் யாரைக் கேட்பது?

சரி, சொல்லப்படுகிற நியாயங்களுக்கு வருகிறேன்.

"எங்கள் சமயமே இயற்கையைக் கும்பிடுகிற சமயம், எங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தர வேண்டியதில்லை." என்னை ஆகவும் நோகடித்தது இதுதான், ஏனென்றால் முதல் பாதி உண்மை. அப்பா உயிரோடு இருந்தவரை ஆடி அமாவாசை விரதத்துக்கு எங்கள் வீட்டில் காத்தோட்டிக்காய் இல்லாமல் சமையல் இல்லை. வேலியிலும் பற்றையிலும் முள்ளோடு படரும் கொடியின் காய். யாரும் பயிரிடுவதில்லை. தோட்டத்துக் கத்தரிக்காயை விட்டுவிட்டு, பற்றைக்குள் கையைக் கிழித்துக்கொண்டு பறிக்கும் ஒரு காயைப் பிதிரருக்குரிய நாளில் வைத்தார்கள் பாருங்கள், அவர்களுக்குப் பற்றை இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. குறைந்தது, பற்றை இல்லாமல் போகும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இந்த வருடம் வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு கை காய்க்குக் கேட்ட விலையை எழுதினால் நம்பமாட்டீர்கள். எங்கே அம்மா கிடைத்தது என்று விற்ற பெண்ணைக் கேட்டேன். "இப்ப வேலியெல்லாம் மதில்தானே ஐயா, தேடித்தான் எடுக்கிறது" என்றார். அதையும் ஒரு பொலித்தீன் பையில்தான் போட்டுத் தந்தார், நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் முன்னோர் இயற்கையைக் கும்பிட்டார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. அதைச் சொல்லிக்கொண்டு நாம் குப்பை போட முடியாது.

"வெசாக் தன்சல் முடிய றோட்டில் கிடக்கிற கப் உங்கள் கண்ணுக்குத் தெரியாதா?" தெரியும். அது பௌத்தர்கள் வெசாக் பண்டிகைக்குப் போடும் அன்னதானப் பந்தல், அவர்களிடம் அவர்கள் ஆட்கள் கேட்கட்டும், கேட்கவும் செய்கிறார்கள். என் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் செய்யும் கிரியையின் குப்பையைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

"கப்பல் கவிழ்ந்து கடலையே நாசமாக்கினார்கள், அவர்களை விட்டுவிட்டு ஒரு பைக்குச் சண்டையா?" இதைச் சொன்னவர் அன்றைய செய்தியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற அந்தச் சரக்குக் கப்பல் 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்தது, ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. 1,680 தொன்னளவு பிளாஸ்டிக் குருணி அதில் இருந்தது. பமுனுகம பக்கம் கரை முழுவதும் பனி கொட்டினதுபோல் வெள்ளையாக இருந்ததை நான் போய்ப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன்பிடிக்காரர் தொழிலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தார்கள். நாங்கள் கடற்கரையில் பை எறிந்துகொண்டிருந்த அதே 24ஆம் திகதி, அதே வியாழக்கிழமை, உச்ச நீதிமன்றம் அந்தக் கப்பல் தரப்பு நூறு கோடி டொலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர்கள் யார் தெரியுமா? சூழல் அமைப்பு, மீனவர்கள், அவர்களோடு கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித். ஒரு சமயத் தலைவர் கடலுக்காக வழக்காளியாக நின்றார். கடலுக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை, குப்பைக்கும் பக்திக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியவர்கள் அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நூறு கோடி டொலர் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதென்றால், அந்தக் கடல் எங்களுடையது என்பதால்தான். எங்களுடையது என்றால் எங்கள் பைக்கும் கணக்கு உண்டு. ஆமைக்குத் தண்ணீரில் மிதக்கும் பொலித்தீன் ஜெல்லி மீன் மாதிரித் தெரியுமாம், தின்றுவிடும். அது கப்பலிலிருந்து வந்ததா, கிரியையிலிருந்து வந்ததா என்று அதற்கு என்ன தெரியும்?

"குப்பை அள்ள மாநகர சபை இருக்கிறது." இருக்கிறது. 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போனதற்குப் பிறகும் இதைச் சொல்ல எப்படி வாய் வருகிறது? அது கொழும்பின் குப்பை. எங்கள் வீட்டு வாசலில் கட்டி வைத்தது. அப்புறம் அதே குப்பையைப் புத்தளத்துக்கு, அருவாக்காட்டுக்கு அனுப்பத் திட்டம் போட்டார்கள். அங்குள்ள முஸ்லிம் சனங்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்று வேண்டாம் வேண்டாம் என்றார்கள். அப்போது நாங்கள் யாராவது அவர்களைப் பார்த்து, "இது எங்கட குப்பை, இதற்குள் நீங்கள் யார்?" என்று கேட்டோமா? குப்பையைச் சுமக்க அவர்கள் வேண்டும், அள்ள வந்தால் மட்டும் நீ யார்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் எங்கள் சின்னம்மா வீட்டுக் கிணற்றில் ஒருநாள் எண்ணெய் மிதந்தது. அவ வாளியை இழுத்து, மணந்து பார்த்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனவ. கோயிலுக்கு அபிஷேகத் தண்ணீர் அள்ளிக் கொடுத்த கிணறு. பக்கத்தில் இருந்த மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்துக்குள் இறங்கி, ஊரில் எத்தனையோ கிணறுகள் அப்படியானது. எங்கள் ஆட்களும் போராடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2019இல் அந்த மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வாங்கிய வழக்கின் மனுதாரர் பெயர் ரவீந்திர காரியவசம். ஒரு சிங்களவர். எங்கள் சின்னம்மாவின் கிணற்றில் அவருக்கு என்ன வேலை? நீ யார் என்று அவரைக் கேட்டிருக்க வேண்டுமா?

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஏனென்று சொல்கிறேன்.

ஜூலை 24 என்றால் கொழும்பில் இருக்கிற எந்தத் தமிழனுக்கும் வேறொன்றும் நினைவுக்கு வரும், தமிழருக்கு எதிரான 83 கலவரம். 1983இல் எனக்கு ஒன்பது வயது. கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு. 25ஆம் திகதி காலை தெருமுனையில் புகை எழும்பியதும், பின்வீட்டு முஸ்லிம் குடும்பம் மதிலால் எங்களை இழுத்து எடுத்தது. அம்மாவை, என்னை, தங்கையை, கடைசியாக அப்பாவை. இரண்டு இரவு அவர்களுடைய அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தோம். அப்புறம் முகாம், அப்புறம் கப்பலில் காங்கேசன்துறை. அந்த மனிதரை அப்பா சாகும்வரை அண்ணன் முறையில் நானா என்றுதான் சொல்வார். வாசலில் வந்து நின்றவர்கள் அவரிடம், "இது உன் பிரச்சினை இல்லை, நீ யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். அதே கேள்வி. அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. உள்ளே விடவில்லை என்பது தெரியும்.

அந்த மனிதர் காப்பாற்றித் தந்த அப்பாவுக்குத்தான் போன வியாழக்கிழமை நான் எள்ளும் தண்ணீரும் விட்டேன். பக்கத்தில் ஒரு முஸ்லிம் பையனை நீ யார் என்று கேட்டார்கள். நான் பேசாமல் நின்றேன்.

சுற்றுச்சூழல் பற்றித் தொடங்கி எங்கேயோ போகிறார் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு இது இரண்டு விஷயமாகத் தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை அடுத்தவனுடைய கிணறு எனக்கும் கிணறு, அடுத்தவனுடைய பிள்ளை எனக்கும் பிள்ளை.

கிரியை முடிந்து அவனைத் தேடிப் போனேன். சாக்குக்கு மேல் உட்கார்ந்து கால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். ஏன் தம்பி வந்தாய் என்று கேட்டேன். "எங்கட கடல்தானே அங்கிள்" என்றான். வீடு அந்தப் பக்கம்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூ செய்யும்போது ஓடுகிற ஆற்றில் இருந்தால்கூடத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அவனுடைய வாப்பா சொல்லுவாராம், அதையும் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல அங்கிள், அவருக்கும் வாப்பாட நாள்தானே" என்றான்.

நேற்று அவனுடைய உம்மாவோடு போனில் பேசினேன். வீடியோ பரவியதிலிருந்து அவருக்குப் பயம். "இனி அங்க போக வேணாம்னு சொல்லிட்டேன், தப்பா எடுக்காதீங்க" என்றார். எனக்கு மறுத்துச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவனுடைய பெயரை, முகத்தைத் தேடிப் போடாதீர்கள். ஐயாவின் பெயரையும் என்னிடம் கேட்காதீர்கள்.

பிள்ளைகள் கட்டி வைத்த பதினொரு சாக்கில் காலியாகத் திரும்பி வந்தவை நான்கு என்னிடம் இருக்கின்றன. கழுவிக் காய வைத்திருக்கிறேன். வருகிற வருடம் ஆடி அமாவாசைக்கு அந்தச் சாக்கை நான் பிடிக்கிறேன், என் கிரியையை முடித்துவிட்டு அதே இடத்தில் நிற்பேன். இன்னும் மூன்று பேர் வேண்டும். வரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள். பூவையும் எள்ளையும் வாழையிலையில் கட்டிக்கொண்டு வாருங்கள்.