தவுக்கியான் தூண்ல இருக்கிற பேரும் இல்லாத பேரும்

நவம்பர்னா யுத்தத்துல செத்த பட்டாளத்துக்காரங்களை நினைவுகூருற மாசம், அது பொறந்தா போதும், நம்ம சபை வாட்ஸ்அப் குரூப்புல அந்தப் படம் வந்துடும். ஒரு பக்கம் துப்பாக்கி புடிச்ச சிப்பாய், மறுபக்கம் சிலுவை, கீழ "உனக்காக உயிரைக் கொடுத்தவங்க ரெண்டே பேர்தான்"னு எழுதியிருக்கும், அதுக்குக் கீழ வரிசையா ஆமென், ஆமென், ஸ்தோத்திரம். நான் ஆமென் போடறதில்ல. சிப்பாய்க்கு நன்றி சொல்றதுல எனக்கு ஒரு சங்கடமும் கிடையாது, அந்த "ரெண்டே பேர்"ங்கிறதுதான் இடிக்குது.

ரங்கூன்ல இருந்துக்கிட்டு நாம இதைப் பேசலேன்னா யாரு பேசறது. பியே ரோட்டுல வடக்க 35 கிலோமீட்டர் போனா தவுக்கியான் யுத்தக் கல்லறை. ரெண்டாம் உலக யுத்தத்துல செத்த 6,374 பேரை அங்க அடக்கம் பண்ணியிருக்காங்க, அதுல 867 பேர் யாருன்னே தெரியாது. அக்யாப், மண்டலே, மெய்க்டீலா பக்கமெல்லாம் சண்டை நடந்த எடத்துல பொதைச்சவங்களைப் பின்னால தோண்டி இங்க கொண்டு வந்து வச்சது. நிமிந்து நிக்கிற கல்லு எதிர்பார்த்துப் போகாதீங்க, முழங்காலுக்கும் கீழ ஒரு சின்ன பீடம், அதுமேல வெண்கலத் தகடு, அவ்வளவுதான். குனிஞ்சாதான் பேரு தெரியும். மழை நின்ன கையோட போனா எழுத்துக்குள்ள மண்ணு காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கும், வெரலால தள்ளிவிட்டா வயசு வரும். இருபத்தொண்ணு. பத்தொம்போது. அதுக்கப்புறம் அடுத்த தகட்டுக்குப் போக எனக்கு மனசு வர்றதில்ல.

நடுவுல பெரிய தூண் வரிசை நிக்குது, கல்லறையே கிடைக்காத கிட்டத்தட்ட 27,000 பேரோட பேரு அதுலதான். மெட்ராஸ் ரெஜிமென்ட், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பாலம் கட்டுற, கண்ணிவெடி எடுக்கிற பட்டாளப் பிரிவு)னு இருக்கிற எடத்துல சாமி, முத்துன்னு நம்ம ஊட்டுப் பேரா வரும். "சுதந்திர மனுஷர் எல்லாருக்காகவும் இவர்கள் மரித்தார்கள்"ங்கிற மாதிரி ஒரு வரியை இங்கிலீஷ், பர்மீஸ், இந்தி, உருது, குர்முகின்னு செதுக்கி வச்சிருக்காங்க. தமிழ்ல இல்ல. சரி, வெள்ளக்காரன் மறந்துட்டான், விடுங்க.

போன வருஷம் எங்க வாலிபர் கூட்டத்துல ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, அவங்க இங்கிலீஷ்கார ராஜாவுக்காகத்தானே செத்தாங்க, நாம எதுக்கு ஸ்தோத்திரம் சொல்லணும்?" நல்ல கேள்வி, பாஸ்டர் ஐயா சிரிச்சுட்டு என்னைப் பார்த்தாரு. நான் சொன்னது இதுதான்: ராஜாவுக்கு நீ நன்றி சொல்ல வேணாம், அந்த சாம்ராஜ்யத்துக்கும் வேணாம். சேலம் ஜில்லாவுலயோ ஆற்காட்டுலயோ வெளைச்சல் இல்லாம, சம்பளம் வருதேன்னு பட்டாளத்துல பேரு குடுத்த பையன் யுத்தம் எதுக்குன்னு முடிவு பண்ணவன் கிடையாது, ஆனா பக்கத்துல அடிபட்டு விழுந்தவனை விட்டுட்டு ஓடறதா தூக்கறதான்னு முடிவு பண்ணவன் அவன்தான். நன்றி அதுக்கு.

சுபேதார் சுப்பிரமணியன்னு ஒருத்தர், மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். பர்மாவுல இல்ல, இத்தாலியில மிஞ்ஞானோங்கிற எடத்துல, 1944 பிப்ரவரி 24. கண்ணிவெடி தேடி எடுத்துக்கிட்டே போறப்போ கூட வந்த ஒருத்தன் கால் பட்டு வெடி கிளம்பிடுச்சு, வெடிக்க சில நொடிதான், எல்லாரும் தரையில விழறதுக்குள்ள இவரு வெடிமேலயே விழுந்து அத்தனையையும் தன் உடம்புல வாங்கிக்கிட்டாரு. செத்த பெறகு ஜார்ஜ் கிராஸ்ங்கிற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் குடுத்தாங்க. அவரு நம்ம மார்க்கத்துக்காரர் கூட இல்ல. "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை"ன்னு நாம மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம், அவரு செஞ்சுட்டுப் போயிட்டாரு.

ஆனா அந்த வசனத்தை ஆண்டவர் எப்போ சொன்னாருன்னு பாருங்க. மறுநாள் அவரை அடிச்சு, உடுப்பைச் சீட்டு போட்டுப் பிரிச்சுக்கிட்டதே போர்ச்சேவகர்தான். அவரு யாருக்காகச் செத்தாரோ அந்த சிநேகிதர் பூரா ராத்திரியே ஓடிட்டாங்க. சத்துருக்களா இருக்கையிலேயே தேவன் நம்மளை ஒப்புரவாக்கிட்டாருன்னு பவுல் எழுதறாரு, அதாவது ஆணி அடிச்சவனும் அந்தக் கணக்குல உண்டு. சிப்பாயையும் சிலுவையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படம் போடறவங்க இதை யோசிக்கிறதே இல்ல. சிப்பாய் தன் பக்கத்து ஆளுக்காகத்தான் சாவான், அதுவே பெரிசு, அவன்கிட்ட அதுக்கு மேல கேக்கவும் முடியாது. ஆண்டவருக்கு எதிர்ப்பக்கம்னு ஒண்ணு கிடையாது. இன்னொண்ணு, போர்ச்சேவகர் வந்து நாங்க என்ன செய்யணும்னு கேட்டப்போ யோவான்ஸ்நானன் சொன்ன பதிலை லூக்கா 3:14ல படிச்சுப் பாருங்க. ஒருத்தருக்கும் இடுக்கண் செய்யாதீங்க, சம்பளமே போதும்னு இருங்கன்னு. நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு நான் இதுக்கு விளக்கம் எழுதப் போறதில்ல.

இப்ப அந்த "ரெண்டே பேர்" கதைக்கு வர்றேன். மோன் மாநிலத்துல தன்பியூசாயாத்துல இன்னொரு கல்லறை இருக்கு, யுத்தத்துல ஜப்பான்காரன் கைதிகளையும் கூலிகளையும் வச்சு சயாம்லேருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் வந்து முடியுற எடம். 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. கைதியா இருந்த பட்டாளத்துக்காரங்க சுமார் 13,000 பேர் அந்த வேலையில செத்தாங்க. தன்பியூசாயாத்துல 3,149 காமன்வெல்த்துக்காரங்க, 621 டச்சுக்காரங்க, அநேகமா எல்லாருக்கும் பேரு, நம்பர், வெட்டி விட்ட புல்லுன்னு அழகா இருக்கு. கூலியா புடிச்சுட்டு வந்தவங்க செத்தது 80,000 முதல் 1,00,000 வரைன்னு கணக்கு சொல்றாங்க, அதுல மலாயா தோட்டத்துல இருந்து லாரியில ஏத்தி, ரயில்ல அடைச்சுக் கொண்டு வந்த தமிழ் சனம் ஏராளம். பர்மாக்காரங்களும் உண்டு. காலரா வந்தப்போ குழியில மொத்தமா தள்ளுனாங்க, தகடு எங்கேருந்து வரும். அவங்க யாருக்காகவும் உயிரைக் "கொடுக்கல", புடுங்கிக்கிட்டாங்க. வீரம்னு சொல்ல ஒண்ணுமில்ல, அதனால நவம்பர்ல அவங்களுக்கு ரெண்டு நிமிஷ மௌனமும் இல்ல, சபையில ஒரு வரி ஜெபமும் இல்ல. தேவனோட அன்பு தியாகம் பண்ணவனுக்கு மட்டும்தான்னா இவங்க எங்க போவாங்க? ஒரு அடைக்கலான் குருவி விழுந்தாலும் பிதாவுக்குத் தெரியும்னு சண்டே ஸ்கூல்ல புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறோமே.

எங்க பாட்டிக்கு கிறிஸ்மஸ்னா 1941தான் ஞாபகம் வரும். டிசம்பர் 23 ரங்கூன்ல குண்டு, திரும்ப 25ம் தேதி குண்டு. அப்புறம் சனம் கூட்டங்கூட்டமா நடந்தே இந்தியா பக்கம் கெளம்புச்சு, மலையில விழுந்தவங்க விழுந்தவங்கதான். பாட்டி அவங்க பேரை எல்லாம் வரிசையா சொல்லி ஜெபம் பண்ணும், எங்களுக்குக் கொட்டாவி வரும்.

அந்தத் தம்பி அன்னைக்கு முழுசா ஒத்துக்கல, "சாம்ராஜ்யம் இல்லேன்னா அந்தப் பையன் செத்திருக்கவே மாட்டானே அண்ணே"ன்னான். அதுவும் உண்மைதான். பாஸ்டர் ஐயாகிட்ட பேசிட்டேன், இந்த நவம்பர் ஆராதனையில பட்டாளத்துக்காரங்களுக்குச் சொல்ற ஜெபத்துக்குக் கூடவே இவங்களுக்கும் தனியா ஜெபம் உண்டு, பேரும் வாசிப்போம். உங்க குடும்பத்துல ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாதவங்க, 42ல நடந்து போறப்போ வழியில போனவங்க யாராவது இருந்தா பேரை மட்டும் இன்பாக்ஸ்ல அனுப்புங்க. முழுப் பேரு தெரியலேன்னா வீட்டுல எப்படிக் கூப்பிட்டாங்களோ அது போதும். விபிஎன் சரியா எடுக்காதவங்க போன்லயே சொல்லிடுங்க, நான் எழுதிக்கிறேன்.