நெல் யாருக்காக அழுதாள்?

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘சூலா’ நாவலை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். 1973இல் வந்த சிறிய நாவல். கல்லூரி நாட்களில் முதன்முதலாகப் படித்தபோது, தோழியின் கணவனோடு சேர்ந்துகொண்ட துரோகியின் கதை என்றுதான் எனக்குப் பட்டது. சூலாவின் மேல் அவ்வளவு கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்று என்னிடம் இல்லை.

ஒஹாயோ மாநிலத்தில் மெடாலியன் என்ற கற்பனை ஊர். அதன் மலைமேட்டில் கறுப்பின மக்களின் குடியிருப்பு. நெல் என்பவள், தூசு தும்பு தங்காத வீட்டில் அடக்கி வளர்க்கப்பட்ட பெண். சூலாவின் வீடோ யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்றே தெரியாத சத்திரம். இருவரும் உயிர்த்தோழிகள். 1922இல் இருவருக்கும் பன்னிரண்டு வயது. பள்ளி விட்டு வரும் வழியில் நான்கு வெள்ளைக்காரப் பையன்கள் மறிக்கிறார்கள். சூலா பாட்டியின் கத்தியை எடுக்கிறாள். சிலேட்டின் விளிம்பில் தன் இடது ஆட்காட்டி விரலை அழுத்தி, நுனியைச் சீவிவிடுகிறாள். சிலேட்டில் ஓடும் ரத்தத்தில் அந்தச் சதைத் துணுக்கு சுருண்டு கிடக்கிறது. எனக்கே இப்படிச் செய்துகொள்கிறவள் உங்களை என்ன செய்வேன் என்று கேட்கிறாள். பையன்கள் விலகிப் போகிறார்கள்.

1927இல் நெல்லுக்கும் ஜூடுக்கும் கல்யாணம். சூலா ஊரைவிட்டுப் போய்ப் பத்து ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறாள். ஒருநாள் படுக்கையறைத் தரையில் கணவனையும் தோழியையும் நெல் ஒன்றாகப் பார்க்கிறாள். ஜூட் வீட்டைவிட்டுப் போகிறான். 1940இல் சூலா இறக்கிறாள். வலிக்கவே இல்லையே, இதை நெல்லிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் அவளுக்குக் கடைசியாகத் தோன்றுவது. அந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

1965இல் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில்தான் நெல்லுக்கு உறைக்கிறது, இத்தனை காலமும் தான் ஏங்கியது ஜூடுக்காக அல்ல, சூலாவுக்காக என்று. இருபத்தெட்டு ஆண்டுகள்! கணவனை இழந்தவள் என்றால் ஊரே கூடி அழும். தோழியை இழந்தவளிடம் துக்கம் விசாரிக்க யார் வருகிறார்கள்? நம் சங்கக் காதல் பாடல்களான அகப்பாடல்களிலும், தலைவி காதலனோடு உடன்போனால் பெற்ற தாயான நற்றாய் புலம்புகிறாள், வளர்த்த தாயான செவிலி பாலை நிலமான சுரம்வரை தேடிப் போகிறாள். கூடவே வளர்ந்த தோழி தனக்காக அழும் குரலை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். அந்த அழுகைக்கு ஒரு நாவல் முழுவதையும் கொடுத்தார் மாரிசன். அதனால்தான் இதைப் பெண்கள் எல்லாரும் படிக்க வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வருந்தாதீர்கள். முடிவு தெரிந்து படித்ததால்தான் கல்யாணக் காட்சியில் ஓர் இடம் இந்த முறை என்னைப் பிடித்து நிறுத்தியது. ஜூடின் தோளுக்கு மேலாக, திறந்த கதவின் வழியே நெல் பார்க்கிறாள். ஒரு கையால் தொப்பியை அழுத்திப் பிடித்தபடி நீல உடையில் ஒருத்தி சாலையை நோக்கி நடந்துபோகிறாள். தெரிவது முதுகு மட்டும்தான். அது சூலா என்பதும், அவள் சிரித்துக்கொண்டே போகிறாள் என்பதும் நெல்லுக்குத் தெரிகிறது. ஜூடை நெல் அப்படி அறிந்திருந்ததாக ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.