வேலிக்கு வெளியே கேட்ட பாட்டு

எண்பதுகளில் கொடிகட்டிப் பறந்த ஏழு இசைக்குழுக்கள் ஒரே நாளில், ஒரே மேடையில் அடுத்தடுத்து வாசிக்கும் திறந்தவெளி விழாவுக்குப் போன வாரம் போய்வந்தேன். ஒரே சொல்லில் எழுதிவிட்டேனே தவிர, அந்தப் போதலே பாதி நாளை விழுங்கிவிட்டது. தண்டவாளத்தில் மரம் விழுந்ததால் ரயில் நடுவழியில் நின்றது. ஒன்றரை மணி நேரம் கழித்து எங்களை இறக்கி மாற்றுப் பேருந்தில் ஏற்றினார்கள். அந்தப் பேருந்தோ மைதானத்தின் பின்பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டதால், வேலியை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் சுற்றி நடந்தால்தான் நுழைவாயில் என்றானது. மழைக்கோட்டும் காதடைப்பானும் இருந்த பை ரயிலிலேயே தங்கிவிட்டது. நுழைவுச்சீட்டு கைபேசிக்குள் இருந்தது. கைபேசியில் மூன்று சதவீதம் சார்ஜ் இருந்தது. அதை அணைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் ஒரே ஒரு முறை மட்டும் உயிர்ப்பிப்பது என்று முடிவுசெய்தேன்.

யாருக்காக இத்தனை பாடுபட்டுப் போனேனோ அந்தக் குழு மேடையேறியபோது நான் வேலிக்கு வெளியே சேற்றில் நடந்துகொண்டிருந்தேன். தொலைவு கூடக்கூட, ஒலியின் மேல்ஸ்தாயிப் பகுதியைக் காற்று வழியிலேயே தின்றுவிடும். கீழ்ஸ்தாயிக்கு அந்தச் சேதாரம் குறைவு, மரமும் சுவரும் குறுக்கே நின்றாலும் அது வளைந்து வந்து சேர்ந்துவிடும். ஆகவே எனக்குப் பாடகரின் குரலும் வரவில்லை, சின்தசைசரும் வரவில்லை. பேஸ் கிட்டாரும், காலால் மிதிக்கும் பெரிய டிரம்மின் இடியும் மட்டும் வந்தன. அதுவே போதுமானதாக இருந்தது, நான்கு தட்டுக்குள் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கேட்டுவரும் அந்தப் பாட்டில், பல்லவிக்குள் நுழையும் முன் பேஸ் வாசிப்பவர் ஒரு கணம் கையை எடுத்துவிடுகிறார் என்பதும், அந்த வெற்றிடம்தான் பல்லவியைத் தூக்கி நிறுத்துகிறது என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இத்தகைய விழாக்களைப் பற்றிச் சொல்லப்படும் ஏளனங்கள் எனக்கும் தெரியும். குழுவின் பெயர் மட்டுமே மிச்சம், அசல் ஆட்களில் ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள், குரல் தேய்ந்துவிட்டது, வருகிறவர்கள் இசைக்காக அல்ல, தங்கள் இளமைக்காக அழ வருகிறார்கள் என்பார்கள். கடைசிக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் பட்டவையே பிற்காலத்தில் மற்றவற்றைவிட அழுத்தமாக நினைவில் நிற்கும் என்பதை உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால் அந்தக் காலப் பாட்டுகளைப் பற்றிய என் தீர்ப்பை நானே முழுவதும் நம்புவதில்லை. ஆனால் குரல் தேய்ந்துவிட்டது என்பதைக் குற்றமாக என்னால் ஏற்க முடியவில்லை. வயது ஏற ஏறக் குரல்நாண்கள் நெகிழ்வை இழக்கும். இருபத்தைந்து வயதில் எட்டிய உச்சத்தை அறுபத்தைந்தில் எட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. அந்த இழப்பை வைத்துக்கொண்டு மேடையில் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அன்று மாலையே அதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒரு குழுவில், பாடகர் மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் விலக்கிய பிறகும் உச்சக் குரல் கணீரென்று வந்துகொண்டே இருந்தது. பதிவு செய்த குரலை ஓட்டிவிட்டு வாயசைத்திருக்கிறார்! அதற்கு நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம், பையும் மிஞ்சியிருக்கும். அடுத்து வந்த குழு எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கி வாசித்தது. அப்போதும் எட்டாத ஒரு வரி வந்தபோது, பாடகர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் மைக்கை எங்கள் பக்கம் திருப்பினார்.

காதடைப்பான் இல்லாததால் நான் வெகு பின்னால் நின்றிருந்தேன் (100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் வெறுங்காதோடு நிற்கக் கூடாது என்பது என் பிடிவாதம்). ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும் என்பதால், நூறு மீட்டர் முன்னால் நிற்பவர்கள் பாடுவது எனக்கு நொடியில் சுமார் பத்தில் மூன்று பங்கு தாமதமாகவே வரும். நடுவில் நிறுத்தியிருக்கும் ஒலிபெருக்கிக் கோபுரங்களில் இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டே ஒலியை விடுவார்கள். கூட்டத்தின் தொண்டைக்கு அப்படிக் கணக்குப் போட ஆளில்லை. அதனால் அந்த வரி ஒரே குரலாக வரவில்லை. முன்னால் பாடியது பிந்தி வந்து சேர, அதற்குள் பக்கத்தில் நின்றவர்கள் அடுத்த சொல்லுக்குப் போயிருக்க, இரண்டும் குழம்பிக் கடலலை போலப் புரண்டு என்னைக் கடந்து போனது. எந்த ஒலிநாடாவிலும் அந்தப் பாட்டு அப்படி ஒலித்ததில்லை. ஒரு கட்டை இறங்கியிருந்ததால், பள்ளி நாட்களில் எனக்கு எட்டாத அந்த வரியை நானும் பாடினேன்.

திரும்பும்போது கடைசி ரயில் போய்விட்டது, விடியும்வரை நிலையத்து பெஞ்சில் ஈரச்சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் வேலிக்கு வெளியே கேட்ட அந்தப் பாட்டைப் போட்டு, ஸ்பீக்கரின் மேல் ஒரு தலையணையை அமுக்கி, அடுத்த அறையில் போய் நின்று கேட்டேன். பேஸ்காரர் கையை எடுக்கும் இடம் அப்படியே இருந்தது.