அந்த அறையை ஏன் பூட்டினீர்கள்?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நடந்த கலைக் கண்காட்சியில், தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எங்கள் வாழ்க்கையின் வாசங்களையே கலைப்படைப்பாக ஓர் அறையில் வைத்திருந்தாள். "விருந்தினர் வர்ற இடத்துல நாறுது, இதெல்லாம் என்ன கலை" என்று அந்தப் பிள்ளையின் அறையை இரண்டாம் நாளே பூட்டி, வாசலில் தேயிலை மலைப் படம் ஒன்றை மாட்டினீர்களே, ஏற்பாட்டாளர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். கலை இல்லை என்றா பூட்டினீர்கள், எங்கள் வாசம் என்றா?

நான் உள்ளே போனவள். ஓவியம் இல்லை, போட்டோ இல்லை, லைட்டும் இல்லை. கொடியில் மழையில் நனைந்து அரைகுறையாய்க் காய்ந்த கம்பளியும், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கும். சாக்கில் வாடப்போட்ட தேயிலைக் கொழுந்து. மூலையில் விறகுப் புகை ஏறிக் கறுத்த தகரம். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா படங்கின் ஓரத்தை முகர்ந்துவிட்டு, "இது அஞ்சு மணி வாசம்" என்றார். கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் நேரம் அது. எந்தப் படம் அவரை அப்படிப் பேச வைத்திருக்கும்?

வாசம் கலையாகுமா என்கிறீர்கள். 1938இல் பாரிஸில், கனவுபோல் படைத்த சர்ரியலிஸ்ட் கலைஞர்களின் கண்காட்சியில் கோப்பிக்கொட்டை வறுத்து மண்டபத்தை மணக்க விட்டார்கள். பிரேசில் கலைஞர் எர்னெஸ்டோ நெட்டோ மஞ்சள், மிளகு, கராம்பு நிரப்பிய துணிப்பைகளைத் தொங்கவிடுகிறார். நோர்வேயின் சிசெல் தொலாஸ் 2006இல் பயத்தில் வியர்த்த ஆண்களின் வியர்வை வாசத்தைத் திரும்ப உருவாக்கி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் கலைக்கூடச் சுவரில் பெயின்டோடு பூசினார். சுவரைத் தேய்த்தால் வாசம் வரும். 2021இல் அனிக்கா யீ என்ற கலைஞர் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அந்த இடத்தின் பழைய காலங்களை, கொள்ளைநோய்க் காலத்து மசாலா, நிலக்கரி என்று வாசமாகவே காற்றில் விட்டார். அங்கே வியர்வை கலை. இங்கே எங்கள் அம்மாக்களின் படங்கு மட்டும் நாற்றமா?

உடனே "வெள்ளைக்காரனைப் பார்த்துச் செய்றது" என்பீர்கள். காம்பராவில், தோட்டத்து லயன் அறையில் பிறந்த பிள்ளைக்குப் புகை வாசத்தை பாரிஸா சொல்லித்தர வேண்டும்? கோப்பிக்காகத்தான் எங்கள் முப்பாட்டன்மாரை இந்த மலைக்கே கொண்டுவந்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழியத் தொடங்கிய பிறகுதான் எங்கு பார்த்தாலும் தேயிலை. அந்தத் தேயிலையும் மூக்கை நம்பித்தான் ஓடுகிறது. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், டீமேக்கர் இலையை அள்ளி முகர்ந்து பார்த்துத்தான் டிரையருக்கு அனுப்புவார். காற்றடிக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாக் கொழுந்தில் தைலம் மாதிரி ஒரு வாசம் ஏறும். அந்த வாசம் தரும் பொருளை மீதைல் சாலிசிலேட் என்பார்கள். அதற்கு ஏலத்தில் தனி மதிப்பு. கொழுந்தின் வாசத்துக்கு விலை உண்டு, பறித்தவளின் வாசத்துக்குப் பூட்டு.

வாசம் நிலைக்காதாம். மலையகத்தில் ஆடும் காமன் கூத்தில் காமன் எரிந்தால் மிஞ்சுவதும் சாம்பல்தான், அது கலை இல்லையா? ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது என்றால் வாசலில் ஒரு அறிவித்தல் போதும்.

எனக்கு வலித்தது நம் ஆட்களே சொன்னது: "மலையகத்தைக் கேவலமாக் காட்டுறா." டவுனில் ஹொஸ்டலில் சேர்ந்த புதிதில் பக்கத்துக் கட்டில்காரி என் ஸ்வெட்டரில் புகை வாசம் என்று கட்டிலை இழுத்துத் தள்ளிப் போட்டாள். பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும், "தோட்டத்து வாசத்தை வீட்டுலேயே விட்டுட்டு வரணும்" என்றார். அதன் பிறகு லீவில் வீட்டுக்குப் போனாலும் அம்மா ரொட்டி சுடும்போது நான் வாசலில்தான் நிற்பேன். அம்மா ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. புகை போக வழியில்லாத காம்பராவைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு வராத கேவலம், அதற்குள் சமைத்த என் அம்மாவுக்கு எப்படி வரும்? 2023இல், எங்கள் ஆட்கள் இங்கே வந்து 200 வருசம் ஆச்சு என்று, "மலையகம் 200" என ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசினோமே. அந்த 200 வருச வாசத்தை ஒரு பிள்ளை கொண்டுவந்து வைத்தால் இரண்டு நாள் தாங்க முடியவில்லை.

ஏற்பாட்டாளர் ஒருவர் போன் பண்ணி, "இதைப் பத்திப் போட்ட பதிவை எடுத்துடுங்க, பேசிக்கலாம்" என்றார். எடுக்க மாட்டேன். பேச வேண்டியது அந்தப் பிள்ளையிடம். பூட்டிய காரணத்தை அவளுக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்கு முன்னால் அந்த அறையைத் திறந்து கொடியில் கிடக்கும் படங்கைத் திருப்பிக் கொடுங்கள். அது அவள் அம்மாவுடையது, நாளைக்கு மலைக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டும்.