செயின் ரெண்டா பிரிஞ்சா வாலட் உண்மைய சொல்லணும்

பிட்காயின் மாதிரி காயினோட கணக்க பிளாக் பிளாக்கா கோத்து வைக்கற பிளாக்செயின் ரெண்டா பிரிஞ்சு திரும்ப ஒண்ணாச்சுன்னா, ரெண்டு பக்கத்து கணக்கையும் வாலட் சாஃப்ட்வேர் சேர்த்து நேர் பண்ணிடும்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. அப்படி ஒண்ணு நடக்கறதே இல்லைங்க. ஒரு செயின் நிக்கும், இன்னொண்ணு போயிடும், போன பிளாக்குல இருந்த டிரான்ஸாக்ஷன் எல்லாம் மறுபடி மெம்பூலுக்கு, அதாவது இன்னும் பிளாக்குல ஏறாதது நிக்கற வரிசைக்கு, வந்து காத்து கிடக்கும், அதே காயின் நிக்கற செயின்ல ஏற்கனவே வேற யாருக்காவது போயிருந்தா உங்க டிரான்ஸாக்ஷன் செத்துச்சு. இத பச்சையா சொல்ற வாலட் ரொம்ப கம்மி, எனக்கு கோவமே அதுலதான்.

2013 மார்ச்ல பிட்காயின்ல நடந்தத எடுத்துக்கங்க. நெட்வொர்க்க நடத்தற பிட்காயின் சாஃப்ட்வேர்ல 0.8 வெர்ஷன் வந்து சில வாரம்தான் ஆகியிருந்துச்சு. பழைய 0.7 பெர்க்லி டிபிங்கற டேட்டாபேஸ்ல ஓடுச்சு, புதுசு லெவல் டிபிங்கற வேற டேட்டாபேஸுக்கு மாறியிருந்துச்சு. 225430ஆவது பிளாக் கொஞ்சம் பெருசா வந்துச்சு, பழைய டேட்டாபேஸ்ல ஒரே நேரத்துல இத்தனை லாக்தான் (பூட்டு) போடலாம்னு ஒரு லிமிட், அத பிட்காயின் ரூல்னு யாரும் எழுதி வைக்கவே இல்ல, ஆனா அந்த பிளாக் அதுல போய் முட்டுச்சு. பழைய நோடு (இந்த சாஃப்ட்வேர ஓட்டி பிளாக்க செக் பண்ற கம்ப்யூட்டர்) வேணாம்னுச்சு, புது நோடு ஏத்துக்கிச்சு. புது பிளாக் கட்டற மைனிங் பவர்ல சுமார் 60 சதவீதம் புது பக்கம் போயிடுச்சு.

பெரிய பக்கமே ஜெயிக்கட்டும்னு விடாம டெவலப்பர்ஸ் எல்லாரையும் 0.7 பக்கம் திரும்ப சொன்னாங்க, என்னைப் பொறுத்தவரை அதுதான் சரி. 0.8 நோடுக்கு 0.7 செயினும் செல்லும், ஆனா 0.7 நோடுக்கு 0.8 செயின் எவ்வளவு நீளமானாலும் செல்லாது. அப்ப 0.7 பக்கம் முந்திடுச்சுன்னா எல்லாரும் தானா ஒரே செயினுக்கு வந்துடுவாங்கல்ல. பிடிசி கில்ட் மாதிரி பெரிய பூல் (மைனர்ஸ் சேர்ந்து நடத்தற கூட்டு), தான் எடுத்த பிளாக் வீணாப் போகும்னு தெரிஞ்சே திரும்புச்சு. மொத்தம் 24 பிளாக் போச்சு, அப்ப பிளாக்குக்கு 25 காயின், 600 காயின விட்டுக் கொடுத்திருக்காங்க. அந்த மைனர்ஸ் மேல எனக்கு பெரிய மரியாதை இருக்கு.

அவ்வளவு பெரிய குழப்பத்துலயும் சாதாரண ஆளுங்க பணம் பெரும்பாலும் தப்பிச்சதுக்கு ஒரு பழைய ரூல் காரணம். புதுசா மைன் பண்ண காயின 100 பிளாக் ஏறினப்புறம்தான் செலவு பண்ண முடியும். பிரிவு அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சுடுச்சு, அதனால போற செயின்ல பொறந்த காயின் யார் கைக்கும் போகல, மத்த டிரான்ஸாக்ஷன் ரெண்டு பக்கமும் செல்லுபடியாகற மாதிரியே இருந்துச்சு, அப்படியே 0.7 பக்கம் ஏறிடுச்சு. ஆனா எல்லாருக்கும் இல்ல. ஓகேபேங்கற பேமென்ட் கம்பெனி 0.8 பக்கத்துல கன்ஃபர்ம் ஆச்சுன்னு (பிளாக்குல ஏறிடுச்சுன்னு) நம்பி கணக்குல வரவு வச்சுது, 0.7 பக்கத்துல அதே காயின் வேற இடத்துக்கு போயிடுச்சு, சுமார் 10,000 டாலர். அத பண்ணவர் பிற்பாடு திருப்பிக் கொடுத்தாரு, அது அவரோட நேர்மை, சாஃப்ட்வேர் காப்பாத்தினது இல்ல.

2016 ஜூலைல எதீரியம்ங்கற இன்னொரு பிளாக்செயின் பிரிஞ்சப்ப ஒண்ணு சேரற பேச்சே இல்ல. அதுல ஓடின தி டிஏஓங்கற முதலீட்டு ஃபண்ட ஹேக் பண்ணி காயின் எடுத்ததுக்கு அப்புறம் 19,20,000ஆவது பிளாக்குல ஃபோர்க் பண்ணாங்க, அதாவது ரூல மாத்தி செயின பிரிச்சாங்க, ஒத்துக்காதவங்க கிளாசிக்னு தனியா போனாங்க. ரெண்டு பக்கமும் ஒரே கீ (காயின செலவு பண்ற ரகசிய சாவி), ஒரே மாதிரி கையெழுத்து, இங்க அனுப்பினத எவனாவது எடுத்து அங்கயும் போட்டா அங்கயும் காயின் போயிடும். எந்த செயின்னு சொல்ற செயின் ஐடிய கையெழுத்துக்குள்ளயே சேர்க்கற வழி அந்த வருஷம் நவம்பர்லதான் வந்துச்சு, அதுவரைக்கும் ஜனங்க அவங்கவங்க சாமர்த்தியத்துல பிரிச்சு வச்சுக்க வேண்டியதா இருந்துச்சு.

மொபைல் வாலட் கதை இன்னும் மோசம். 2015 ஜூலை 4 அன்னைக்கு பிட்காயின்ல சில மைனர்ஸ் முந்தின பிளாக்க சரியா செக் பண்ணாமலே மேல மேல கட்டிட்டாங்க, செல்லாத செயின் 6 பிளாக் நீளத்துக்கு போச்சு. புது வெர்ஷனுக்கு மாறின ஃபுல் நோடு (ஒவ்வொரு பிளாக்கையும் முழுசா செக் பண்றது) அத தொடவே இல்ல. ஹெட்டர (பிளாக்கோட தலைப்புத் தகவல) மட்டும் பார்க்கற லைட் வாலட்டுக்கு நீளமா இருக்கறதுதான் உண்மை, அது அந்த பக்கமே போச்சு. அந்த மாதிரி வாலட் வச்சிருக்கவங்க வழக்கத்தவிட 30 கன்ஃபர்மேஷன் (மேல ஏறற பிளாக் எண்ணிக்கை) கூடுதலா காத்திருங்கன்னு பிட்காயின் டாட் ஆர்க்ல எச்சரிக்கை போட வேண்டி வந்துச்சு. அந்த எச்சரிக்கைய படிக்காத கடைக்காரர் போன்ல என்ன தெரிஞ்சிருக்கும்? பச்சை டிக்.

பிட்காயினோட முக்கிய சாஃப்ட்வேரான பிட்காயின் கோர்ல டிரான்ஸாக்ஷன் மோதிக்கிச்சுன்னா கன்ஃபர்மேஷன் எண்ணிக்கைய மைனஸ்ல காட்டுது, தகவல் உள்ள இருக்கு. போன் வாலட் பண்றவங்க ஒரே சர்வர நம்பாம ரெண்டு மூணு நோடுகிட்ட கேளுங்க, பதில் ஒத்து வரலைன்னா டிக்க எடுத்துட்டு "இப்ப ரெண்டு செயின் தெரியுது, சரக்க கொடுக்காதீங்க"ன்னு தமிழ்லயே பெருசா போடுங்க, பேலன்ஸ் குறைஞ்சா எந்த பிளாக் போனதால குறைஞ்சுதுன்னு அதே ஸ்கிரீன்ல காட்டுங்க. ஸ்கிரீன் அழகு கெட்டுடும்னு இத மறைக்கற டீம்கிட்ட என் காசு மட்டும் இல்ல, எனக்கு தெரிஞ்சவங்க யார் காசும் போகக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.