சாலை மூடிக் கிடந்தால் யாருக்கு நஷ்டம்?

ஜப்பானில் பள்ளத்தை மூடிய அந்த வீடியோ மறுபடியும் சுற்றுக்கு வந்துவிட்டது. மழைக்காலம் தொடங்கினால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நிலவேம்புக் கசாயக் குறிப்போடு இதுவும் தவறாமல் வரும். 2016 நவம்பர் 8 அதிகாலை, ஃபுகுவோகா நகரத்தின் ஹகாடா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய சாலை ஒன்று அப்படியே உள்ளே போனது. சுமார் 30 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். 15-ஆம் தேதி அதிகாலை அதே இடத்தில் வண்டிகள் ஓடின. "நம்ம ஊரா இருந்தா..." என்று ஒருவர் தொடங்குவார். "டெண்டர் விடவே ஒரு வருஷம்" என்று ஏதாவது ஒரு சித்தப்பா முடித்துவைப்பார்.

வீடியோ உண்மைதான். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

அந்தப் பள்ளம் விழக் காரணமே கீழே நடந்த மெட்ரோ சுரங்க வேலை. அதனால் இயந்திரங்களும் ஆட்களும் பொறியாளர்களும் ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்தார்கள். யாரைக் கூப்பிடுவது, யார் பொறுப்பு என்ற கேள்வியே எழவில்லை. நகர மேயர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பள்ளத்துக்குள் தண்ணீர் நின்றதால், தண்ணீருக்குள்ளேயே இறுகக்கூடிய சிமென்ட் கலந்த மண் குழம்பை ஊற்றி நிரப்பினார்கள். எனக்கு இதெல்லாம் பெரிய வியப்பு இல்லை. மின்சாரம், எரிவாயு, குடிநீர், சாக்கடை, தொலைபேசி எல்லோரும் ஒரே வாரத்துக்குள் தங்கள் தங்கள் குழாயையும் கம்பியையும் பதித்துவிட்டு ஒதுங்கினார்களே, அதுதான் வியப்பு. 

சரி, அந்த மெட்ரோ வழித்தடம் என்ன ஆனது? 2020-இல் திறக்கத் திட்டமிட்டிருந்தது, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். பள்ளம் ஏன் விழுந்தது என்று ஆராய்ந்து, சுரங்கம் தோண்டும் முறையைத் திருத்திக்கொண்டு மெதுவாகப் போனார்கள். இன்னொன்றும் உண்டு. 2025 ஜனவரியில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் யாஷியோ என்ற ஊரில், அரித்துப்போன சாக்கடைக் குழாயால் சாலை உள்வாங்கி ஒரு லாரி விழுந்தது. பள்ளம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. ஓட்டுநரின் உடலை மே மாதம்தான் எடுக்க முடிந்தது. சுமார் 12 லட்சம் பேரிடம் தண்ணீர்ப் புழக்கத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அதே ஜப்பான்தான். இந்த வீடியோவை எந்தச் சித்தப்பாவும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

அதனால் 'ஜப்பான்காரன் ரத்தத்தில் ஊறியது', 'சீனாக்காரன் சுறுசுறுப்பு' என்பதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஒரு நாட்டில் சாலை வேலை வேகமாக நடக்கிறதா என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்வி. சாலை ஒரு நாள் மூடிக் கிடந்தால் யார் பையிலிருந்து பணம் போகிறது?

1994 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் உயிர்நாடியான சான்டா மோனிகா நெடுஞ்சாலையில் பாலங்கள் இடிந்தன. சாலை மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் பொருளாதாரத்துக்குப் பத்து லட்சம் டாலர் இழப்பு என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை அறிக்கையில் அச்சடித்து அலமாரியில் வைக்காமல் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள். கெடு 140 நாள். ஒரு நாள் முன்னால் முடித்தால் 2 லட்சம் டாலர் ஊக்கத்தொகை, ஒரு நாள் தாமதித்தால் அதே 2 லட்சம் அபராதம். வேலையை எடுத்தது சி.சி. மையர்ஸ் என்ற நிறுவனம். இரவு பகலாக ஆள் வைத்து 66 நாளில் முடித்தார்கள். ஊக்கத்தொகை மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர்.

2007-இல் ஓக்லாந்து பக்கம் பெட்ரோல் டேங்கர் தீப்பிடித்து மேம்பாலம் ஒன்று உருகி விழுந்தபோது அதே நிறுவனம் சுமார் 8.7 லட்சம் டாலருக்கு டெண்டர் போட்டது. செலவுக்கே கட்டாத தொகை. கெடுவுக்கு முன்னால் முடித்தால் 50 லட்சம் டாலர் வரை ஊக்கத்தொகை என்று இருந்ததால், அதை முழுசாக வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டே இறங்கினார்கள். வாங்கியும் விட்டார்கள். விபத்து நடந்து 26-ஆம் நாளில் பாலம் திறந்தாயிற்று. இதே அமெரிக்காவில் சாதாரண மெட்ரோ வேலை, சாலை வேலை எல்லாம் ஆண்டுக்கணக்கில் இழுப்பதை அங்கே இருக்கும் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், பக்கம் பக்கமாகப் புலம்புவார்கள். ஆட்கள் மாறவில்லை, ஒப்பந்தம் மாறியது.

நம் ஊர் ஒப்பந்தங்களிலும் தாமத அபராதம் என்று ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பாதி வேலைகளில் நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுக்க வேண்டிய அரசே கொடுத்திருக்காது, மின்கம்பம் நகர்ந்திருக்காது, மரம் வெட்ட அனுமதி வந்திருக்காது. அப்புறம் எந்த முகத்தோடு அபராதம் போடுவது? கால நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்து விழும். ஒப்பந்ததாரருக்கு நஷ்டம் இல்லை, அதிகாரிக்கு நஷ்டம் இல்லை. தினமும் மாற்றுப்பாதையில் சுற்றும் ஷேர் ஆட்டோக்காரருக்கும், தூசியில் கடை நடத்தும் டீக்கடை அண்ணனுக்கும்தான் நஷ்டம். அவர்கள் அந்த ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சென்னையின் மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் அடிக்கல். 2012-இல் கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று சொல்லி மாநில அரசு நிறுத்தியது. தூண்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தன. பிறகு ஈரடுக்குச் சாலை என்று வடிவம் மாறி, 2022-இல் மறுபடி ஓர் அடிக்கல். முதலில் 2,000 கோடிக்குள் இருந்த மதிப்பீடு 5,000 கோடியைத் தாண்டிவிட்டது. இதில் எந்த இடத்திலும் பொறியியல் தோற்கவில்லை. நம் பொறியாளர்களுக்குத் தூண் எழுப்பத் தெரியாதா என்ன? ஆட்சி மாறினால் தூணின் ராசியும் மாறுகிறது, அவ்வளவுதான்.

வேகம் நம்மால் முடியாது என்பதும் பொய். 2022 ஜூனில் மகாராஷ்டிராவில் அமராவதி - அகோலா இடையே தேசிய நெடுஞ்சாலை 53-இல் 75 கிலோமீட்டர் ஒற்றைத் தடத்தை 105 மணி 33 நிமிடத்தில் போட்டு கின்னஸ் சான்றிதழ் வாங்கினார்கள். அதற்கு முன் அந்தச் சாதனை கத்தாரிடம் இருந்தது. கைதட்ட வேண்டிய வேலைதான். ஆனால் அந்த 105 மணி நேரத்தில் போட்டது மேல் தார் அடுக்கு மட்டும். அதன் கீழே மண்ணை இறுக்கி, ஜல்லி அடுக்குகளைப் பரப்பி, தண்ணீர் வடிய வழி செய்த மாதங்கள் அந்தக் கணக்கில் வராது. சுவர் எழுப்பிய நாட்களை விட்டுவிட்டு பெயின்ட் அடித்த நேரத்தை மட்டும் சொல்வது போல.

கொரியாவைச் சொல்லாமல் வேகத்தைப் பற்றிப் பேச முடியாது. சியோல் - பூசான் நெடுஞ்சாலை, 428 கிலோமீட்டர். 1968 பிப்ரவரியில் தொடங்கி 1970 ஜூலையில் முடித்துவிட்டார்கள். அந்தக் காலத்து ஏழைக் கொரியா அது. அந்த வேலையில் 77 பேர் செத்தார்கள், அவர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு. அவசரமாகப் போட்ட சாலையைப் பிறகு பல ஆண்டுகள் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார்கள். சீனாவில் 2015-இல் பெய்ஜிங் சான்யுவான் பாலத்தின் மேல்தளத்தை 43 மணி நேரத்தில் மாற்றியதும் உண்மை, 2024 மே 1 அன்று குவாங்டோங் மாகாணத்தில் திறந்து பத்தே ஆண்டுகள் ஆன விரைவுச்சாலை மழையில் சரிந்து 52 பேர் இறந்ததும் உண்மை. நிலம் அரசுடையது, எதிர்த்து வழக்குப் போட ஆள் குறைவு என்பதால் கிடைக்கும் வேகம் எனக்கு வேண்டாம். என் பாட்டி வீட்டு வழியாகச் சாலை போனால் நானும் கோர்ட்டுக்குத்தான் போவேன்.

இப்போது தரத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் போன வருடம் ராத்திரியில் தார் போட்டார்கள். பழைய சாலையைச் சுரண்டவில்லை, ஒழுங்காகப் பெருக்கக்கூட இல்லை. மண் மேலேயே தாரைத் தெளித்துக் கலவையைக் கொட்டினார்கள். எதிர்வீட்டு ஐயா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னப்பா, கலவையில புகையே வரலையே?" என்று கேட்டார். "லாரி டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு சார்" என்றார் ரோலர் ஓட்டியவர். தார்க் கலவை சூடாக இருக்கும்போதே, அதாவது 90, 100 டிகிரிக்குக் கீழே போவதற்குள், உருட்டி முடித்தாக வேண்டும். ஆறிய பிறகு எத்தனை தடவை ரோலர் ஓட்டினாலும் அது இறுகாது. உள்ளே இடைவெளி நிற்கும், அதில் மழைத்தண்ணீர் இறங்கும், மேலே பஸ் போகும்போது ஜல்லி பெயரும். அடுத்த மழையில் அதுதான் நடந்தது. நடுவில் யாரோ கேபிள் பதிக்க ஓரமாகக் கீறிவிட்டும் போனார்கள்.

சுரண்டாமல் போடக் கூடாது என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். ஒவ்வொரு தடவையும் சாலை உயர, வீடுகள் பள்ளத்தில் போகின்றன என்பதால்தான் அந்த உத்தரவு. எங்கள் தெருவில் முன்பு நாலு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டும்.

மழைதான் காரணம் என்பார்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், சிங்கப்பூரில் 2,000-க்கும் மேல். மழை சாலையைக் கெடுப்பதில்லை, தேங்கும் தண்ணீர்தான் கெடுக்கிறது. நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு, ஓரத்தில் அடைபடாத வடிகால், இவ்வளவுதான் விஷயம்.

பாரம் என்ற காரணத்தை மட்டும் நான் ஏற்பேன். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சோதனைச் சாலை போட்டு, லாரிகளை ஓட்டிப் பார்த்தே ஒரு விதியைக் கண்டார்கள். சக்கரங்களை இணைக்கும் அச்சின் மேல் பாரம் ஏற ஏற, சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்காக, அதாவது பாரத்தின் மடங்கை நான்கு தடவை பெருக்கிய அளவுக்கு ஏறும். 20 சதவீதம் கூடுதல் பாரம் என்றால் (1.2 × 1.2 × 1.2 × 1.2) சுமார் இரண்டு மடங்கு சேதம். நம் நாட்டில் 2018-இல் லாரிகளுக்கு அனுமதித்த பாரத்தையே 20 முதல் 25 சதவீதம் உயர்த்தினார்கள். அதற்கும் மேலே குவியலாக ஏற்றிக்கொண்டு வரும் எம்-சாண்ட் லாரிகளைத் தினமும் பார்க்கிறோம். ஆயிரக்கணக்கான பைக்குகள் செய்யாத சேதத்தை அந்த ஒரு லாரி செய்துவிட்டுப் போகிறது. எடைமேடையில் நேர்மை இல்லாமல் ஜப்பான் தொழில்நுட்பமே வந்தாலும் ஒன்றும் ஆகாது.

நல்ல சாலைக்கு வெளிநாடு போக வேண்டியதும் இல்லை. புனேயில் ஜங்லி மகாராஜ் சாலை என்று ஒன்று இருக்கிறது. 1970-களில் ரெகாண்டோ என்ற நிறுவனம் பத்தாண்டு உத்தரவாதம் எழுதிக் கொடுத்துப் போட்டது. பல பத்தாண்டுகள் பெரிய குழி விழாமல் உழைத்தது. பழுதானால் தன் காசில்தான் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்தவர் கலவை ஆறும்வரை லாரியை டிராஃபிக்கில் நிறுத்தமாட்டார். நம் கிராமங்களில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைகளுக்கும் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்ததாரர் பொறுப்புதான். ஓரத்தில் பலகை இருக்கும், யார் போட்டது, எவ்வளவு செலவு, எந்தத் தேதிவரை பொறுப்பு என்று எழுதியிருக்கும். நகரத்துத் தெருக்களில் அந்தப் பலகையைத்தான் காணோம். எங்கள் தெருவுக்குப் பொறுப்புக் காலம் எதுவரை என்று கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். உங்கள் தெருவில் பலகை இருந்தால் ஒரு போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள், தேதி தெரியும்படி.